மண், சிதைந்த பாறை, கெட்டிப் பாறை: அலை போகும் வழியைக் கணக்கிடுவது எப்படி?

ஜியோபோன்_மலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சிக்குத் தெற்கே, நைஸ் பாறைப் பகுதியில், ஒரு பாலத்தின் அடித்தள ஆய்வில் இருக்கிறேன். ஒரு துளைக்குள் ஜியோபோனை (நில அதிர்வை உணரும் கருவி) இறக்கி, மேலே தரையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, அலை வந்து சேரும் நேரத்தைப் பதிவு செய்கிறோம். துளையைச் சுற்றிப் பழைய கான்கிரீட் தளம் இருப்பதால் தகட்டை 15 மீட்டர் தள்ளித்தான் வைக்க முடிந்தது.

அதே இடத்தில் தரைமேல் செய்த அளவையிலிருந்து கிடைத்த அடுக்குகள் இவை. மேலே 4 மீட்டர் மண், வேகம் விநாடிக்கு 400 மீட்டர். அதன் கீழ் 10 மீட்டர் சிதைந்த பாறை, வேகம் 1500. அதற்கும் கீழே கெட்டிப் பாறை, வேகம் 4800. அடுக்குகள் ஏறக்குறைய கிடைமட்டம்தான். துளை போட்ட மண் மாதிரிகளும் அதையே சொல்கின்றன.

ஜியோபோன் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது முதல் அசைவு 19.8 மில்லி விநாடியில் வருகிறது. தகட்டிலிருந்து ஜியோபோனுக்கு நேர்கோடு போட்டால் நீளம் சரியாக 25 மீட்டர். ஒவ்வோர் அடுக்கிலும் அந்தக் கோட்டின் பங்கை வேகத்தால் வகுத்துக் கூட்டினால் 22.4 மில்லி விநாடி. இரண்டரை மில்லி விநாடிக்கு மேல் வித்தியாசம். இதைப் பதிவுக் கருவியின் பிழை என்று ஒதுக்க முடியாது.

நேர்கோடு தப்பு, அலை ஒவ்வோர் எல்லையிலும் திரும்பும் என்பது தெரியும். ஸ்நெல் விதிப்படி சைன்(கோணம்) ÷ வேகம் எல்லா அடுக்கிலும் ஒரே எண். அதை ப என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வோர் அடுக்கிலும் அலை எவ்வளவு பக்கவாட்டில் நகர்கிறது என்று கூட்டி, அது 15 மீட்டர் ஆகும்படி ப-வைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு நேரடிச் சூத்திரம் இல்லை என்பதால் பைத்தானில் நியூட்டன் முறையை (தொடுகோடு போட்டுப் படிப்படியாக விடையை நெருங்குவது) எழுதினேன். ப = 0 என்று தொடங்கினால் முதல் அடியிலேயே வர்க்கமூலத்துக்குள் எதிர் எண் வந்து நிரல் நின்றுவிடுகிறது. நேர்கோட்டின் கோணத்தை வைத்துத் தொடங்கினாலும் அதேதான். சில ஆழங்களுக்கு ஓடுகிறது, சிலவற்றுக்கு ஓடவில்லை. தொடக்க எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? அல்லது முறையையே மாற்ற வேண்டுமா?


வரிநிரல் எழுதியது:

நியூட்டனை விடுங்கள், இருசமக் கூறிடல் போதும். வேகங்களில் மிகப் பெரியது 4800. ப எப்போதும் 0-க்கும் 1 ÷ 4800-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அதைத் தாண்டினால் கெட்டிப் பாறையில் சைன் ஒன்றைவிடப் பெரிதாகிவிடும், அப்படி ஒரு கோணமே கிடையாது. உங்கள் நிரல் நிற்பதற்குக் காரணமும் அதுதான். ப = 0-இல் பக்கத் தூரத்தின் சரிவு, தடிமன் × வேகம் எல்லாவற்றின் கூட்டல்: 1600 + 15000 + 28800 = 45400. நியூட்டனின் முதல் அடி 15 ÷ 45400 = 0.00033. எல்லையோ 0.000208. ஒரே தாவலில் வேலிக்கு வெளியே போய்விட்டது.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் பாதியாக்கிக்கொண்டே போனால் 0.0001857 வரும். எந்த ஆழத்துக்கும், எந்தத் தூரத்துக்கும் நிற்காமல் ஓடும்.

ஒரே எச்சரிக்கை. தகட்டை மிகத் தள்ளி வைத்தால் விடை எல்லையை ஒட்டிக்கொள்ளும். இதே அடுக்குகளில் 300 மீட்டர் தள்ளினால் ப, எல்லையில் 99.98 சதவீதம். அந்த இடத்தில் ப-வில் ஒரு துளி மாறினாலும் தூரம் பல மீட்டர் மாறும். அங்கே இலக்கங்களைக் கவனித்துப் பாருங்கள்.


பாறைக்காரர் எழுதியது:

மலர், நல்ல கேள்வி அம்மா. வரிநிரல் சொன்ன வழி ஓடும், அதில் குறையில்லை. ஆனால் ப-வைத் தேடுவதால்தான் இந்தத் தொல்லையே. தேடும் பொருளை மாற்றிவிட்டால் நியூட்டன் முறை உடையவே உடையாது என்று நிரூபிக்கலாம். அணைக்கட்டுத் தளங்களில் நாங்கள் மடக்கை அட்டவணையும் பென்சிலுமாக இந்தக் கணக்கைப் போட்ட காலத்தில், ஒவ்வொரு சுற்றும் மிச்சமானால் அது கையின் வலி மிச்சம். அதனால் இதில் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு உண்டு.

முதலில் அலையின் போக்கைப் படமாக வரைந்து பார்த்துவிட வேண்டும். மண்ணில் வேகம் 400, கெட்டிப் பாறையில் 4800. பன்னிரண்டு மடங்கு. மண்ணில் ஒரு மீட்டர் கூடுதலாகப் போனால் 2.5 மில்லி விநாடி செலவு. பாறையில் ஒரு மீட்டருக்கு 0.2 மில்லி விநாடிதான். ஆகவே அலை மண்ணை ஏறக்குறைய செங்குத்தாகக் கடந்து, பக்கவாட்டுப் பயணம் முழுவதையும் பாறைக்குள் போட்டுக்கொள்ளும். நீ போட்ட நேர்கோட்டில் மண்ணுக்குள்ளேயே 3 மீட்டர் பக்கவாட்டில் போகிறது. அந்த இரண்டரை மில்லி விநாடி அங்கிருந்துதான் வந்தது. மண்ணில் மட்டும் நேர்கோட்டுக் கணக்கு 12.5 மில்லி விநாடி கேட்கிறது. அலை உண்மையில் 10.03-இல் கடந்துவிடுகிறது.

இப்போது கணக்கு. ப-வுக்குப் பதிலாக, மிக வேகமான அடுக்கில் அலை செங்குத்தோடு எடுக்கும் கோணத்தின் டேன் மதிப்பைத் தேடு. அதை ட என்போம். சைன் 1-ஐத் தாண்டக் கூடாது என்ற வேலி ப-வுக்கு உண்டு. டேனுக்கு வேலி கிடையாது. பூஜ்யத்திலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். நீ எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது ஒரு நியாயமான கோணமாகவே இருக்கும். வர்க்கமூலத்துக்குள் எதிர் எண் வர வழியே இல்லை.

ஒவ்வோர் அடுக்கின் வேகத்தையும் மிகப் பெரிய வேகத்தால் வகுத்து வைத்துக்கொள். அந்த விகிதம் வி. உனக்கு மண்ணில் வி = 0.0833, சிதைந்த பாறையில் 0.3125, கெட்டிப் பாறையில் 1. அப்புறம் ஓர் அடுக்கில் அலை பக்கவாட்டில் நகரும் தூரம்:

தடிமன் × வி × ட ÷ √(1 + (1 − வி²) × ட²)

இதை எல்லா அடுக்குக்கும் கூட்டினால் மொத்தப் பக்கத் தூரம். நியூட்டனுக்கு வேண்டிய சரிவு இன்னும் எளிது: ஒவ்வோர் அடுக்குக்கும் தடிமன் × வி-யை எடுத்து, மேலே உள்ள அதே வர்க்கமூலத்தின் கனத்தால் வகுத்துக் கூட்டு.

அடுத்துச் சொல்வதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். அந்தச் சரிவைப் பார். எப்போதும் நேர் எண். ட கூடக் கூட அது குறையுமே தவிர ஒருபோதும் கூடாது. அதாவது பக்கத் தூரத்தின் வரைபடம் ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் போகப் போகப் படுத்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட வளைவுக்கு எந்த இடத்தில் தொடுகோடு போட்டாலும் அது வளைவுக்கு மேலேதான் நிற்கும். அப்படியானால், விடைக்கு இடப்பக்கத்தில் நின்று தொடுகோடு போட்டால் அது 15 மீட்டரை விடைக்கு முன்பாகவே தொட்டுவிடும். நியூட்டனின் ஒவ்வோர் அடியும் விடையை நோக்கி நகரும், விடையைத் தாண்டாது. ட = 0-இல் தொடங்கினால் எந்த அடுக்குக்கும், எந்தத் தூரத்துக்கும், கட்டாயம் போய்ச் சேரும். வளைவு ஏறிக்கொண்டே இருப்பதால் விடையும் ஒன்றே ஒன்றுதான். ப-வை வைத்து வரைந்தால் வளைவு நேர்மாறாக, எல்லையை நெருங்க நெருங்கச் செங்குத்தாக நிமிர்கிறது. அங்கே தொடுகோடு எப்போதும் விடையைத் தாண்டித்தான் விழும்.

உன் எண்களைப் போட்டுப் பார்த்தேன். ட = 0-இல் சரிவு, தடிமன் × வி-யின் கூட்டல்: 0.333 + 3.125 + 6 = 9.458. முதல் அடி 15 ÷ 9.458 = 1.586. அங்கே பக்கத் தூரம் 12.54 மீட்டர். இன்னும் 2.46 மீட்டர் குறைகிறது, சரிவு 6.58, அடுத்த எண் 1.960. அங்கே 14.956 மீட்டர். அடுத்தது 1.967, அங்கே 15.000. முடிந்தது.

ட = 1.967 என்றால் கெட்டிப் பாறையில் கோணம் 63.05 பாகை. ஸ்நெல் விதியால் மேலே ஏறினால் சிதைந்த பாறையில் 16.17 பாகை, மண்ணில் 4.26 பாகை. பக்கத் தூரங்கள் மண்ணில் 0.30 மீட்டர், சிதைந்த பாறையில் 2.90, கெட்டிப் பாறையில் 11.80. நேரங்கள் 10.03, 6.94, 2.76. மொத்தம் 19.73 மில்லி விநாடி. நீ பதிவு செய்தது 19.8. உன் அடுக்கு வேகங்கள் நன்றாகவே இருக்கின்றன.

தொடக்கத்தை இன்னும் கிட்டே கொண்டுவர ஒரு வழி உண்டு. ட மிகப் பெரிதானால் மெதுவான அடுக்குகளில் பக்கத் தூரம் ஒரு உச்சத்தோடு நின்றுவிடும். அந்த உச்சம் தடிமன் × வி ÷ √(1 − வி²). உன் இரண்டு மேல் அடுக்குகளுக்கும் சேர்த்து 3.62 மீட்டர். ஆகவே விடை (15 − 3.62) ÷ 6 = 1.896-க்குக் குறையாது. 1.586-க்கும் குறையாது. இரண்டில் பெரியதை எடுத்துத் தொடங்கு. இரண்டுமே விடைக்கு இடப்பக்கம் என்பதால் மேலே சொன்ன நிரூபணம் அப்படியே நிற்கும். கெட்டிப் பாறைக்குள் ஜியோபோன் ஒரு சாண் மட்டும் இறங்கியிருக்கும் நிலையில் இந்தத் தொடக்கம் மிகவும் உதவும், ஏனென்றால் அப்போது ட மிகப் பெரிய எண்ணாக இருக்கும்.

களத்தில் சரிபார்க்க ஒரு வழி. ப என்பது வெறும் கணக்குக்கு வந்த எண் இல்லை. தகட்டை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் நேரம் எவ்வளவு கூடும் என்பதே ப. உனக்கு ப = 0.0001857, அதாவது மீட்டருக்கு 0.19 மில்லி விநாடி. தகட்டை 15-இலிருந்து 20 மீட்டருக்குக் கொண்டுபோய் அடித்துப் பார். ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாகவோ அதையொட்டியோ கூட வேண்டும். அதைவிட நிறையக் கூடினால் அலை நீ நினைக்கிற வழியில் வரவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1662-இல் இந்த ஸ்நெல் விதியை "ஒளி மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியில் போகிறது" என்ற ஒரே கருத்திலிருந்து வருவித்தார். தெக்கார்த்தே 1637-இல் அதே விதியை வெளியிட்டிருந்தார், ஆனால் அடர்ந்த பொருளில் ஒளி வேகமாகப் போகும் என்ற எண்ணத்தோடு. ஃபெர்மாவுக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. மெதுவாகப் போகும் என்று எடுத்துக்கொண்டு தானே கணக்குப் போட்டார். வந்தது அதே சைன் விகிதம். கணக்குப் போடும் பிள்ளைகள் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தக் குறைந்த நேரக் கருத்தை விட்டுவிடுகிறார்கள். களத்தில் குழப்பம் வரும்போதெல்லாம் கைகொடுப்பது இதுதான்.


ஜியோபோன்_மலர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. மாற்றி எழுதி ஓட்டினேன். கெட்டிப் பாறைக்குள் இருக்கும் எல்லா ஆழங்களுக்கும் கணக்கும் பதிவும் ஒட்டி வருகின்றன. தொடுகோடு மேலே நிற்கும் என்ற வாதத்தைத் தாளில் வரைந்து பார்த்தேன், உடனே புரிந்தது.

ஆனால் சிதைந்த பாறைக்குள் ஜியோபோன் இருக்கும் ஆழங்களில் ஒரு புதிர். 12 மீட்டர் ஆழத்தில் பதிவு 20.7 மில்லி விநாடி. இரண்டே அடுக்கு, மண் 4 மீட்டர், சிதைந்த பாறை 8 மீட்டர், இதே முறையில் கணக்கிட்டால் 21.06 வருகிறது. ஆழம் குறைந்த இடத்துக்கு ஆழமான இடத்தைவிடத் தாமதமாக வருவதே விசித்திரமாக இருக்கிறது. அதிலும் கணக்கைவிடப் பதிவு முந்தி வருகிறது. குறைந்த நேரப் பாதையைக் கண்டுபிடித்த பிறகு அதைவிடக் குறைந்த நேரத்தில் எப்படி வர முடியும்?


பாறைக்காரர் எழுதியது:

மலர், முதல் விஷயத்தில் விசித்திரம் ஒன்றுமில்லை. 20 மீட்டருக்குப் போகும் அலைக்குக் கெட்டிப் பாறையில் பக்கவாட்டுப் பயணம் கிடைக்கிறது. 12 மீட்டரில் நிற்கும் ஜியோபோனுக்கு வரும் அலை 15 மீட்டர் பக்கவாட்டையும் 1500 வேகத்திலேயே ஓட்டியாக வேண்டும். ஆழத்தில் கிட்டே இருந்தாலும் நேரத்தில் தள்ளி இருக்கிறது.

இரண்டாவதுதான் விஷயம். நீ கண்டுபிடித்தது கீழ்நோக்கியே போகிற பாதைகளில் குறைந்த நேரம் பிடிப்பது. அலை ஜியோபோனைத் தாண்டிக் கீழே போய், 14 மீட்டரில் கெட்டிப் பாறையின் மேல்விளிம்பைப் பிடித்து, அதன் ஓரமாக 4800 வேகத்தில் ஓடி, மறுபடி மேலே ஏறி 12 மீட்டருக்கு வரலாம். ஹெட் வேவ் என்று நாம் சொல்வது இதைத்தான். நீ தரைமேல் செய்த அளவையில் அடுக்குகளைக் கண்டுபிடித்ததே இந்த அலையை வைத்துத்தான். துளைக்குள் இறங்கியதும் அது போய்விடாது.

இதற்குத் தேடல் எதுவும் வேண்டாம், கோணங்கள் முன்கூட்டியே தெரியும். கெட்டிப் பாறையில் 90 பாகை என்றால் ப = 1 ÷ 4800. சிதைந்த பாறையில் மாறுநிலைக் கோணம் 18.21 பாகை, மண்ணில் 4.78. நேரம்:

பக்கத் தூரம் × ப + ஒவ்வொரு கடப்புக்கும் (தடிமன் × கோஸ் கோணம் ÷ வேகம்)

கவனம், சிதைந்த பாறையைக் கீழே போகும்போது 10 மீட்டர், மேலே வரும்போது 2 மீட்டர், ஆக 12 மீட்டர் எடுக்க வேண்டும். 15 ÷ 4800 = 3.13. மண்ணில் 9.97. சிதைந்த பாறையில் 7.60. மொத்தம் 20.69 மில்லி விநாடி. உன் பதிவு 20.7. நேராக வரும் அலை 21.06-இல் அதன் பின்னால் வந்து சேர்கிறது. பதிவில் முதல் அசைவுக்குப் பின்னால் 0.4 மில்லி விநாடி தள்ளி இன்னொரு பெரிய அசைவு தெரிகிறதா என்று பார். ஹெட் வேவ் பெரும்பாலும் மெலிந்துதான் வரும், நேரடி அலை அதைவிடப் பலமாக இருக்கும்.

1909 அக்டோபர் 8 அன்று ஜாக்ரெப் நகருக்குத் தென்கிழக்கே, கூபா பள்ளத்தாக்கில் வந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில் குரோஷிய நிலநடுக்க ஆய்வாளர் மொஹோரோவிசிச் பார்த்ததும் இதே காட்சிதான். சில நிலையங்களில் ஒரு முதன்மை அலைக்குப் பதில் இரண்டு வந்திருந்தன. கீழே வேகம் கூடிய ஓர் அடுக்கைத் தொட்டு ஓடிவந்த அலை, தொலைவில் உள்ள நிலையங்களில் நேராக வந்ததை முந்தியிருந்தது. அந்த நேர வித்தியாசத்திலிருந்து அவர் எல்லையின் ஆழத்தை 54 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். பூமியின் மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள கவசத்துக்கும் நடுவில் உள்ள அந்த எல்லைக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் கிலோமீட்டரில் பார்த்ததை நீ மீட்டரில் பார்த்திருக்கிறாய். கணக்கு ஒன்றே.


கடலளவை எழுதியது:

மலர், பாறைக்காரர் சார், இருவருக்கும் வணக்கம். நான் கப்பலில் கடலடி ஆழம் அளக்கும் வேலையில் இருப்பவன். எங்களுக்கும் இதே ஸ்நெல் விதிதான், ஆனால் கேள்வி தலைகீழ். உங்களுக்கு இரு முனைகளும் தெரியும், பாதையைத் தேட வேண்டும். எங்களுக்குப் பல்கற்றை எதிரொலிமானி ஒலியை அனுப்பிய கோணமும் திரும்பி வந்த நேரமும் தெரியும். ஒலி எங்கே போய் முட்டியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ப முதலிலேயே கையில் இருக்கிறது, தேடலே கிடையாது. அடுக்கு அடுக்காக இறங்கி, நேரத்தின் பாதி தீரும் இடத்தில் நின்றால் போதும்.

எங்கள் தொல்லை வேறு இடத்தில். கடலில் வேகம் உங்கள் பாறை போல 400-லிருந்து 4800-க்குத் தாவுவதில்லை. எங்கும் 1500-ஐ ஒட்டித்தான். ஆனால் வெப்பநிலை, உப்பு, அழுத்தம் மூன்றும் அதை மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கும். மெல்லிய அடுக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வேகம் ஒரே எண் என்று எடுப்பதைவிட, ஒவ்வொன்றிலும் வேகம் சீராக மாறுகிறது என்று எடுப்பது நல்லது. அப்போது பாதை நேர்கோட்டுத் துண்டாக இல்லாமல் சுத்தமான வட்ட வில்லாக வரும். அதன் ஆரம் 1 ÷ (ப × வேகம் மாறும் வீதம்). வெப்பநிலை மாறாத ஆழ்நீரில் அழுத்தத்தால் மட்டும் ஒரு மீட்டருக்கு விநாடிக்கு 0.017 மீட்டர் அளவில் வேகம் கூடுகிறது. கிடைமட்டமாகப் போகும் ஒலிக்கு ஆரம் ஏறக்குறைய 88 கிலோமீட்டர். கேட்க நேர்கோடு போலத் தெரியும். ஆனால் பக்கவாட்டுக் கற்றைகளில் அந்தச் சிறு வளைவே ஆழத்தைக் கெடுத்துவிடும். காலையில் எடுத்த வேக அளவையை வைத்து மாலை வரை ஓட்டினால், தட்டையான கடலடி இரு ஓரங்களிலும் மேலே சுருண்டோ கீழே தொங்கியோ வரும். திரையில் அந்த வளைவைப் பார்த்ததும் கப்பலை நிறுத்தி மறுபடி வேகமானியை இறக்குவோம்.

சார் சொன்ன "விடை ஒன்றே ஒன்று" என்பதில் ஒரு சேர்க்கை. கீழ்நோக்கி மட்டும் போகும் பாதைக்கு அது சரி. ஆழ்கடலில் வேகம் ஓர் ஆழத்தில் மிகக் குறைந்து, அதற்கு மேலேயும் கீழேயும் கூடுகிறது. ஒலி அந்த ஆழத்தை நோக்கியே திரும்பத் திரும்ப வளைவதால், இரு புள்ளிகளுக்கு நடுவில் பல பாதைகள் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் வந்து சேரும். பாதை திரும்பும் இடத்தில் கோணம் 90 பாகை ஆகிவிடுவதால் டேனை வைத்துத் தேடும் இந்த முறை அங்கே அப்படியே பொருந்தாது.


ஜியோபோன்_மலர் எழுதியது:

பதிவில் பார்த்தேன். 21.1-ஐ ஒட்டிப் பெரிய அசைவு இருக்கிறது, அதற்கு முன் 20.7-இல் சின்னதாக. இவ்வளவு நாள் சின்னதைத்தான் முதல் வருகை என்று குறித்து அதை நேரடி அலையின் நேரம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் இரண்டு கேள்வி ஐயா. இந்தக் கலப்பு வராமல் தகட்டை எங்கே வைக்கலாம்? சிதைந்த பாறைக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவில் வேகம் குறைந்த களிமண் பட்டை ஏதாவது இருந்தால் என்ன ஆகும்?


பாறைக்காரர் எழுதியது:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். மெதுவான பட்டைக்குள் இறங்கும் அலை செங்குத்தை நோக்கித் திரும்பும். அதன் மேல்விளிம்பில் எந்தக் கோணத்தில் வந்தாலும் 90 பாகை ஆகாது, எனவே அங்கே ஹெட் வேவ் பிறக்காது. தரைமேல் செய்த அளவைக்கு அந்தப் பட்டை கண்ணிலேயே படாது. அதன் நேரத்தையும் மேலடுக்கின் கணக்கில் எழுதிவிடும், அதனால் கெட்டிப் பாறை இருப்பதைவிட ஆழமாகத் தெரியும். உன் துளை அளவை இங்கேதான் அருமை. ஜியோபோனை அந்தப் பட்டையைத் தாண்டி இறக்கும்போது நேரம் திடீரென்று கூடுதலாக ஏறும். பாதைக் கணக்கில் மாற்றம் எதுவும் வேண்டாம். பட்டையை ஓர் அடுக்காகச் சேர், அதன் வி சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். நியூட்டன் நிரூபணத்துக்கு அடுக்குகள் வேக வரிசையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை.

தகடு. ஹெட் வேவ் வருவதற்குக் குறைந்தபட்சப் பக்கத் தூரம் ஒன்று வேண்டும்: மாறுநிலைக் கோணத்தில் கீழே போய் மேலே வருவதற்குத் தேவையான இடம். 12 மீட்டர் ஆழத்துக்கு அது 4.28 மீட்டர். ஜியோபோன் 14 மீட்டர் எல்லையைத் தொட்டு நிற்கும்போதுதான் மிகக் குறைவு, 3.62 மீட்டர். இந்த எண்ணை முன்னே ஒரு தடவை பார்த்திருப்பாய், தொடக்க மதிப்புக் கணக்கில் வந்த அதே எண். ஆகவே தகட்டை 3 மீட்டருக்குள் கொண்டுவந்தால் சிதைந்த பாறையின் எந்த ஆழத்திலும் கெட்டிப் பாறையின் ஹெட் வேவ் குறுக்கே வராது. மண்ணுக்குள் மட்டும், 4 மீட்டர் எல்லைக்கு மேலே கடைசி 20 செ.மீ. அளவில், சிதைந்த பாறையின் ஹெட் வேவ் முந்தும். அந்த ஆழத்தில் அளவு எடுக்காதே.

கான்கிரீட் தளத்தின் மேல் தகட்டை வைத்து அடிப்பதாக நினைத்தால் வேண்டாம். தளமே ஒரு வேகமான அடுக்கு. அலை முதலில் அதற்குள் பக்கவாட்டில் ஓடிவிடும், எங்கிருந்து மண்ணுக்குள் இறங்கியது என்று சொல்ல முடியாது. தளத்தில் ஒரு சதுரம் வெட்டி மண் தெரியும்படி செய்ய அனுமதி கேள். கிடைக்காவிட்டால் 15 மீட்டரிலேயே இருக்கட்டும், ஒவ்வோர் ஆழத்துக்கும் நேரடி அலை, ஹெட் வேவ் இரண்டின் நேரத்தையும் கணக்கிட்டு, குறைந்ததைப் பதிவின் முதல் அசைவோடு ஒப்பிடு. கெட்டிப் பாறைக்குள் நேரடி அலை ஒன்றே போதும். சிதைந்த பாறைக்குள் இரண்டும் வேண்டும்.